துருவேறிய சாட்சிகள்: தாமிரபரணிக் கரையின் போர்ச் சின்னங்கள், அன்றும் இன்றும்

ஆழ்வார்திருநகரி என்றதும் நம்மாழ்வார் நினைவுக்கு வருவார். ஆதிநாதர் கோயிலின் திருப்புளியாழ்வாரும், வைகாசித் திருவிழாவில் ஒன்பது கருட வாகனங்கள் ஒரே இரவில் புறப்படும் காட்சியும் நினைவுக்கு வரும். இந்த ஊரில் அயல்நாட்டுப் படையொன்று கூடாரம் அடித்திருந்தது என்பது மட்டும் ஊர்க்காரர்களுக்கே அதிகம் தெரியாது.

1760ஆம் ஆண்டு ஜூன் மாதம் அது நடந்தது. கொழும்பிலிருந்து கப்பலில் வந்த டச்சுப் படை தூத்துக்குடியில் இறங்கியது. ஐரோப்பியச் சிப்பாய்களும் மலாய்ச் சிப்பாய்களும் கொண்ட அந்தப் படை, பீரங்கிகளோடு உள்நாட்டுக்குள் நடந்து ஆழ்வார்திருநகரிக்கு வந்து சேர்ந்தது. நெல் விளையும் இந்த ஆற்றங்கரை யாருக்குச் சொந்தம் என்பதில்தான் அன்று எல்லோருக்கும் போட்டி. ஆங்கிலக் கம்பெனியின் சார்பில் மதுரையையும் திருநெல்வேலியையும் கட்டியாண்டுகொண்டிருந்த யூசுப் கான், நம் மக்கள் மருதநாயகம் என்று அறிந்த கான் சாகிப், படையோடு புறப்பட்டார். அவர் படை நெருங்கியதும் டச்சுக்காரர்கள் இரவோடு இரவாகக் கூடாரத்தைப் பிரித்துத் தூத்துக்குடிக்குத் திரும்பிவிட்டார்கள்.

ராபர்ட் ஓர்ம் எழுதிய ராணுவ வரலாற்றிலும், 1881இல் கால்டுவெல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றிலும் இந்தச் சம்பவம் பதிவாகியிருக்கிறது. ஏட்டில் இருப்பது மண்ணிலும் இருக்குமா என்று தேடினால் என்ன கிடைக்கும்? அவசரமாகக் கிளம்பிய ஒரு படை விட்டுப்போகும் பொருள்கள்தான்: ஈயக் குண்டு, பித்தளைப் பொத்தான், உடைந்த துப்பாக்கியின் இரும்புத் துண்டு, டச்சுக் கம்பெனியின் முத்திரை பதித்த செப்புக் காசு. இப்படிப்பட்ட பொருள்களைச் சேர்ப்பதும் அடையாளம் காண்பதும் அன்று எப்படி இருந்தது, இன்று எப்படி மாறியிருக்கிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருகிறேன். மாறியவை பல. மாற வேண்டியதும் ஒன்று மிச்சம் இருக்கிறது.

அன்று: ஆயுதத்தை அழித்த காலம்

இந்த வட்டாரத்தின் பெரிய போர், பாளையக்காரர்களுக்கும் கம்பெனிக்கும் நடந்த போர். 1799 செப்டம்பர் 5ஆம் தேதி மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினார். அக்டோபர் 16ஆம் தேதி கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய தம்பி ஊமைத்துரையும் உறவினர்களும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து 1801 பிப்ரவரி 2ஆம் தேதி தப்பினார்கள். தரைமட்டமாக்கப்பட்ட கோட்டையைச் சில நாள்களில் மண்ணால் மறுபடி எழுப்பினார்கள். மார்ச் 31ஆம் தேதி கம்பெனிப் படை அந்தக் கோட்டையை ஏறிப் பிடிக்கப் பார்த்துத் தோற்றுத் திரும்பியது. புதிய தளபதி அக்னியூ, பெரிய பீரங்கிகளோடு வந்து மே 24ஆம் தேதிதான் கோட்டையைக் கைப்பற்றினார்.

அந்தப் போர் ஆற்றங்கரைக்கும் வந்தது. ஆழ்வார்திருநகரிக்கு மேற்கே, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஸ்ரீவைகுண்டத்தில், கள்ளபிரான் கோயிலையே கம்பெனிப் படை 1801இல் கோட்டையாகப் பயன்படுத்தியது. உயர்ந்த கல் மதிலும் ஒரே பெரிய வாசலும் உள்ள கோயில் படைக்கு வசதியாகத்தான் இருந்திருக்கும். பெருமாள் சேவை சாதிக்கும் இடத்தில் துப்பாக்கி மருந்துப் பீப்பாய் அடுக்கி வைத்திருந்த காலம் அது.

வென்றவர்கள் அடுத்துச் செய்த வேலை, தோற்றவர்களின் தடயங்களை அழிப்பது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை இடிக்கப்பட்டது. அந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள். ஊர்ப்பெயரையே கணக்கிலிருந்து நீக்க ஆணையிட்டார்கள். 1801 டிசம்பர் 1ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம், தென்சீமை மக்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தது. பாளையங்களின் கோட்டைகள் தகர்க்கப்பட்டன. வேலும் வாளும் துப்பாக்கியும் ஊர் ஊராகப் பிடுங்கப்பட்டன.

அப்படிப் பிடுங்கிய ஆயுதங்களை யாரும் அருங்காட்சியகத்தில் வைக்கவில்லை. தென்னாட்டு ஆயுதங்களுக்குப் பொதுவாக நேர்ந்த கதி என்ன என்பதற்குத் தஞ்சாவூரே சான்று. 1855இல் கடைசி மராட்டிய மன்னர் இறந்தபின் அரண்மனை ஆயுதக் கிடங்கு ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1860களில் அந்த ஆயுதங்களில் பெரும் பகுதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். பொறுக்கி எடுத்த சிலதான் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. எழும்பூரில் இன்று நாம் பார்க்கும் தந்த வளரிகள் (வளைந்த எறி ஆயுதங்கள்) அந்த வழியாக வந்தவைதான். அரண்மனை ஆயுதத்துக்கே அந்தக் கதி என்றால், பாளையத்து வீரன் ஒருவன் கையிலிருந்த வேலுக்கு என்ன நேர்ந்திருக்கும்? கொல்லன் உலையில் உருகிக் கொழுமுனையாகவும் கதவுக் கொண்டியாகவும் ஆகியிருக்கும்.

எழுத்திலும் ஒரு பக்கம்தான் மிஞ்சியது. பாஞ்சாலங்குறிச்சிப் போரில் நேரில் இருந்த கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் தன் ராணுவ நினைவுகளை இரண்டு தொகுதிகளாக அச்சிட்டார். கோட்டை மதில் முழுக்க மண், உயரம் ஏறத்தாழ 12 அடி, சதுரக் கொத்தளங்கள், மதிலுக்கு உள்ளிருந்து நீண்ட ஈட்டிகளால் குத்தி ஏறவிடாமல் தடுத்த வீரர்கள் என்று அந்தப் போரின் பல விவரங்கள் அவர் எழுத்திலிருந்துதான் நமக்குத் தெரியும். போருக்குச் சில ஆண்டுகள் முன்பு, சிவகங்கைச் சின்ன மருதுவிடம் வளரி எறியக் கற்றுக்கொண்டதையும் அவரே எழுதியிருக்கிறார். எதிரியை மதித்த மனிதர் அவர். ஆனாலும் அவர் மதிலுக்கு வெளியே நின்று பார்த்தவர். மதிலுக்கு உள்ளே இருந்தவர்களின் குரல் கதைப்பாடல்களிலும் கும்மியிலும் மட்டும் மிஞ்சியது. ‘பாட்டு வரலாறு ஆகுமா’ என்று படித்தவர்கள் நெடுங்காலம் அதை ஒதுக்கி வைத்தார்கள்.

அன்று: பெட்டியேறிப் போன காலம்

அழித்த காலத்துக்குப் பிறகு சேகரித்த காலம் வந்தது. அதன் தொடக்கம் ஆழ்வார்திருநகரியிலிருந்து சில மைல் தூரத்தில், இதே தென்கரையில் இருக்கும் ஆதிச்சநல்லூரில்.

1876இல் ஜெர்மானியர் ஃபெடோர் யாகோர் ஆதிச்சநல்லூர்ப் பறம்பில் தோண்டினார். கிடைத்த மண்பாண்டங்களும் இரும்பு ஆயுதங்களும் பெர்லினுக்குப் போயின. 1899 முதல் சில ஆண்டுகள் இந்தியத் தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். பிரெஞ்சுக்காரர் லூயி லாபிக் 1903–04 வாக்கில் வந்து தோண்டி, கிடைத்ததைப் பாரிசுக்குக் கொண்டுபோனார். ரீ எடுத்தவை எழும்பூர் அருங்காட்சியகத்தில் சேர்ந்தன.

ஆதிச்சநல்லூரில் கிடைத்தவற்றில் ஆயுதங்கள் மிகுதி: வாள், குத்துவாள், ஈட்டிமுனை, அம்புமுனை, கோடரி, திரிசூலம். ரீ கவனித்த ஒரு செய்தி முக்கியமானது. பல இரும்பு ஆயுதங்கள், இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகளை ஒட்டி முனை கீழ்நோக்கிச் செருகப்பட்டிருந்தன. இறந்தவரை அடக்கம் செய்தவர்கள் தங்கள் கையிலிருந்த ஆயுதத்தை மண்ணில் குத்தி நட்டுவிட்டுப் போயிருக்கலாம் என்று அவர் கருதினார். அந்த ஒரு வரி நமக்குக் கிடைத்ததற்குக் காரணம், ஈட்டி எப்படி நின்றது என்று பார்த்த பிறகு அவர் அதைப் பிடுங்கியதுதான். பிடுங்கிய பிறகு பார்த்திருந்தால் அது இன்னொரு பழைய இரும்பு. அவர் 1915இல் வெளியிட்ட பட்டியல் நூல் இன்றும் ஆய்வாளர்களுக்கு அடிப்படை.

அந்தக் காலத்துக்கு வேறொரு முகமும் உண்டு. பொருளைத் தந்த ஊருக்குப் பொருளைப் பார்க்கும் வாய்ப்பு இல்லை. தன் பாட்டன் பூட்டன் புதைத்த வாளைப் பார்க்க ஆதிச்சநல்லூர்க்காரர் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். பெர்லினில் இருப்பதைப் பார்க்க வழியே இல்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் இதுவே நிலைமை.

இன்று: இடத்தோடு சேர்த்துப் பார்க்கும் காலம்

2004–05இல் இந்தியத் தொல்லியல் துறை தி. சத்தியமூர்த்தி தலைமையில் ஆதிச்சநல்லூரில் மறுபடி தோண்டியது. நூற்றறுபதுக்கு மேற்பட்ட தாழிகள் வெளிவந்தன. அங்கு எடுத்த மாதிரிகளைப் பின்னால் கரிமக் கணிப்புக்கு அனுப்பியபோது கி.மு. 905, கி.மு. 696 என்ற காலங்கள் கிடைத்தன. 2020இல் தமிழ்நாடு தொல்லியல் துறை ஆதிச்சநல்லூரிலும் சிவகளையிலும் அகழாய்வைத் தொடங்கியது; 2021இல் கொற்கையிலும் தோண்டியது. சிவகளைத் தாழி ஒன்றிலிருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று கணிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கை, சிவகளை இரும்பின் காலத்தை கி.மு. 3345 வரை கொண்டுபோனது. இந்தக் கணிப்பைப் பற்றி ஆய்வுலகில் விவாதம் நடக்கும். நடக்கட்டும். எந்தக் குழியில், எந்த ஆழத்தில், எந்தத் தாழிக்குள் கிடைத்தது என்று எழுதி வைத்திருப்பதால்தான் அந்த விவாதமே நடக்க முடிகிறது.

2023 ஆகஸ்டில் ஆதிச்சநல்லூரிலேயே தாழிகள் கிடந்த குழியின் மேல் கண்ணாடித் தளம் போட்டுக் காட்சிக்குத் திறந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தக் கண்ணாடி மேல் நின்று, மூவாயிரம் ஆண்டு முந்தைய அடக்கத்தை அது கிடந்த நிலையிலேயே பார்க்கிறார்கள். திருநெல்வேலி ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகம் எழும்பியிருக்கிறது. பெட்டியேறிப் போன காலம் முடிந்து, பொருள் ஊரிலேயே தங்கும் காலம் வந்துவிட்டது. இந்த மாற்றத்தைப் பார்க்கும்போது எனக்குள் எழுவது மகிழ்ச்சி. மறைக்காமல் சொல்கிறேன், பெருமிதமும்தான்.

சட்டமும் மாறியிருக்கிறது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது: மண்ணில் மறைந்து கிடந்த மதிப்புள்ள பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால், கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த பொருள் தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. உரிமம் இல்லாமல் வியாபாரமும் செய்ய முடியாது. 2010ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. யாகோர் செய்ததை இன்று யாரும் செய்ய முடியாது.

ஒரு குண்டு என்ன சொல்லும்?

பாளையக்காரர் போர்க் காலப் பொருளை அடையாளம் காண்பது தனிக் கலை. அதன் அடிப்படைகள் எளிமையானவை.

முதலில் ஈயக் குண்டு. கம்பெனிச் சிப்பாய் தூக்கிய துப்பாக்கியின் குழல் விட்டம் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர். அதற்குள் போட்ட குண்டு பதினேழரை மில்லிமீட்டர் அளவில், முப்பது கிராமுக்குச் சற்று மேல் எடை இருக்கும். மண்ணில் இருநூறு ஆண்டு கிடந்த ஈயத்தின் மேல் சாம்பல் கலந்த வெள்ளைப் படலம் படிந்திருக்கும். அச்சில் வார்த்த வரிக்கோடும், ஈயம் ஊற்றிய வாயின் தடமும் தெளிவாக இருந்தால் அது சுடப்படாத குண்டு. யார் பையிலிருந்தோ விழுந்தது. ஒரு பக்கம் சப்பியிருந்தால் எதன் மேலோ மோதியது. பாளைய வீரர்களின் திரித் துப்பாக்கிகள் உள்ளூர்க் கொல்லர்கள் செய்தவை. அவற்றின் குண்டுகள் ஒரே அளவில் இரா. ஒரே வயலில் ஒரே அளவுக் குண்டுகள் ஒரு பக்கமும், பல அளவுக் குண்டுகள் மறு பக்கமும் கிடந்தால், யார் எங்கே நின்றார்கள் என்று அந்த வயலே சொல்லிவிடும்.

அடுத்தது பீரங்கிக் குண்டு. வார்ப்பிரும்பு உருண்டை. ஆறு பவுண்டுக் குண்டு ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் விட்டம், இரண்டே முக்கால் கிலோ எடை. பன்னிரண்டு பவுண்டுக் குண்டு 11 சென்டிமீட்டர், ஐந்தரை கிலோவுக்கு நெருக்கம். துருவால் எடை கொஞ்சம் குறையும். எந்தப் பீரங்கியின் அளவோடும் பொருந்தாவிட்டால் அது வேறு ஏதோ உருண்டை. ஆலைகளில் அரைக்கப் பயன்படும் இரும்புக் குண்டாகக்கூட இருக்கலாம்.

மூன்றாவது துப்பாக்கிப் பூட்டு, அதாவது விசையும் பொறியும் அமைந்த இரும்புத் தகடு. கம்பெனித் துப்பாக்கியின் தகட்டில் முத்திரை இருக்கும். பழைய முத்திரை இதய வடிவம். உள்ளே நான்கு கட்டம், கட்டத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து. 1808 அளவில் அதை மாற்றி, எழுந்து நிற்கும் சிங்கத்தைப் பொறித்தார்கள். ஆகவே சிங்க முத்திரை போட்ட துப்பாக்கியைக் காட்டி, ‘இது பாஞ்சாலங்குறிச்சியில் பிடித்தது’ என்று யாராவது சொன்னால் ஏற்க முடியாது. அந்த முத்திரை பிறக்கும் முன்பே ஊமைத்துரை தூக்கிலேறிவிட்டார். காசும் இப்படித்தான் கைகொடுக்கும். இங்கிலாந்தில் அடித்துச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பிய செப்புக் காசுகளில் 1803, 1808 என்று ஆண்டு இருக்கும். அந்தக் காசு கிடந்த அடுக்கு 1801ஆம் ஆண்டுப் போருக்கு முந்தையதாக இருக்க முடியாது.

நான்காவது சக்கிமுக்கிக் கல். பொறியில் பொருத்திய, சதுரமாகச் செதுக்கிய கரும்பழுப்புக் கல்லைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். நம் ஆற்றுக் கூழாங்கல்லோடு வைத்துப் பார்த்தால் பழகிய கண்ணுக்கு வேறுபாடு தெரியும். கவண்கல் விஷயம் நேர்மாறு. அது ஆற்றுக் கல்லேதான். கையிலெடுத்துப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. கோட்டைக் கொத்தளத்தின் அடியில் ஒரே அளவான உருண்டைக் கற்கள் குவியலாகக் கிடந்தால் மட்டும்தான் அது கவண்கல். குவியலைக் கலைத்துவிட்டால் அந்தக் கல்லுக்கும் மற்றக் கல்லுக்கும் வித்தியாசம் போய்விடும்.

வளரி அரிது. தட்டையாக வளைந்து, ஒரு முனை கனத்து, மறுமுனை மெலிந்து பிடிக்கு ஏதுவாக இருக்கும். மரத்திலும் இரும்பிலும் தந்தத்திலும் செய்தார்கள். மர வளரி மண்ணில் தங்காது. இன்று கிடைப்பவை பெரும்பாலும் வீட்டிலோ அரண்மனையிலோ காத்து வைத்தவை. அதனாலேயே போலிகளும் இதில் புகுகின்றன. அமிலம் தடவித் துருப்பிடிக்க வைத்த புது இரும்பைப் பழசென்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அமிலத் துரு மேலாக ஒரே சீராகப் படியும். காலத்தின் துரு உள்ளே இறங்கி, அடுக்கடுக்காகப் பெயரும். எக்ஸ்ரே எடுத்தால் உள்ளே உலோகம் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துவிடும்.

கோயில் வல்லயமும் குடும்ப வாளும்

நம் பக்கத்தில் அடையாளம் காண்பதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. சுடலைமாடன் கோயிலிலும் அய்யனார் கோயிலிலும் வல்லயம் என்ற ஈட்டியும் வெட்டரிவாளும் நேர்ந்து சாத்தப்படுகின்றன. மழையிலும் வெயிலிலும் நின்று அவை துருவேறுகின்றன. கோயில் இடம் மாறும்போது சில மண்ணுக்குள் போகின்றன. நூறாண்டு கழித்து உழவில் கிளம்பும் அந்த அரிவாளைப் பார்த்தவுடன் போர்வாள் என்று சொல்லத் தோன்றும். பெரும்பாலும் அது ஒருவருடைய நேர்த்திக்கடன். அதற்கும் மதிப்பு உண்டு. அது வேறு வரலாற்றின் மதிப்பு.

ஆயுத பூஜை அன்று சில வீடுகளில் பழைய வாள் வெளியே வரும். சந்தனம் குங்குமம் இட்டுச் சரஸ்வதி படத்தின் முன் வைப்பார்கள். ‘இது கட்டபொம்மன் காலத்து வாளாக்கும், அண்ணாச்சி. எங்க பாட்டனாருக்குப் பாட்டனார் கையில பிடிச்சது’ என்று சொல்லும் குரலில் இருக்கும் பற்று உண்மையானது. வாள் பின்னால் வந்த ஜமீன்தாரின் சேவகர் இடுப்பில் தொங்கியதாகக்கூட இருக்கலாம். அதைச் சொல்லிக் குடும்பத்தாரைச் சிறுமைப்படுத்த வேண்டியதில்லை. செய்ய வேண்டியது, அந்தக் குடும்பத்தின் கதையை அவர்கள் வாயால் எழுதி வாங்குவது: வாள் யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எந்த ஊரிலிருந்து, எந்தத் திருமணத்தின் வழியாக. பிடியின் வடிவம், இரும்பின் தன்மை, கதையின் வழி ஆகிய மூன்றும் ஒத்துப்போகும் வாள் என்றாவது ஒரு நாள் கிடைக்கும். கதை போய்விட்டால் பிறகு எந்த ஆய்வுக்கூடமும் அதைத் திருப்பித் தராது.

மொன்டானா கற்றுத்தந்த பாடம்

யாகோர் ஆதிச்சநல்லூரில் தோண்டிய அதே 1876இல், ஜூன் 25ஆம் தேதி, அமெரிக்காவின் மொன்டானாவில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் ஜெனரல் கஸ்டரின் படைப்பிரிவைச் செவ்விந்தியர்கள் முறியடித்தார்கள். கஸ்டரோடு நின்றவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. நடந்ததைச் சொல்ல வென்ற பூர்வகுடிகள் இருந்தார்கள். சொன்னார்கள். வெள்ளையர் உலகம் நெடுங்காலம் அந்தச் சாட்சியத்தை நம்பவில்லை. இதற்கிடையில் நினைவுப் பொருள் சேகரிப்பவர்கள் அந்தப் புல்வெளியில் தோட்டா உறைகளைப் பொறுக்கிக்கொண்டே இருந்தார்கள்.

1983இல் ஒரு காட்டுத்தீ புல்வெளியை எரித்துத் தரையைத் திறந்து காட்டியது. 1984, 1985ஆம் ஆண்டுகளில் டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் ஆகிய தொல்லியலாளர்கள், உலோகமறி கருவி வைத்திருந்த தன்னார்வலர்களை வரிசையாக நடக்கவிட்டார்கள். பொருள் தட்டுப்பட்ட இடத்தில் சிறு கொடி நட்டார்கள். யாரும் உடனே எடுக்கவில்லை. இடத்தை அளந்து வரைந்த பிறகுதான் எடுத்தார்கள். காவல்துறை கைரேகை பார்ப்பதுபோல் ஒவ்வொரு தோட்டா உறையிலும் துப்பாக்கி ஊசி விட்ட தடத்தை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று கண்டுபிடித்தார்கள். முடிவில், பூர்வகுடிகள் சொல்லிவந்ததில் பல செய்திகள் மெய்யென்று தெரிந்தன. நூறாண்டு காலம் நம்பாமல் விட்ட வாய்மொழிக்கு மண் சாட்சி சொன்னது.

பாஞ்சாலங்குறிச்சிக்கும் இது பொருந்தும் என்று உறுதியாக நம்புகிறேன். வெல்ஷ் எழுதியது ஒரு சாட்சி. நம் மக்கள் பாடியது இன்னொரு சாட்சி. மண்ணில் கிடப்பது மூன்றாவது சாட்சி. முதல் இரண்டும் முரண்படும் இடத்தில் மூன்றாவதுதான் தீர்ப்புக்கு உதவும்.

மாற வேண்டியது

அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள தூரத்தைப் பார்த்துவிட்டோம். ஆயுதத்தை உருக்கினார்கள், பிறகு கப்பலேற்றினார்கள், இப்போது கண்ணாடிக்குக் கீழே வைத்துக் காக்கிறோம். ஆனால் இந்தப் பரிவு மூவாயிரம் ஆண்டுப் பழமைக்குத்தான் கிடைத்திருக்கிறது. இருநூற்றிருபது ஆண்டுப் பழமைக்கு இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை.

பாஞ்சாலங்குறிச்சியில் 1960களின் இறுதியில் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டி அரண்மனையின் அடித்தளத்தை வெளிக்கொண்டு வந்தது. 1974இல் அரசு அங்கே நினைவுக் கோட்டை கட்டியது. போரில் இறந்த ஆங்கிலேயரின் கல்லறைகளும் அந்த வட்டாரத்தில் இருக்கின்றன. இவை போற்ற வேண்டியவை. ஆனால் போர் கோட்டைக்குள் மட்டும் நடக்கவில்லை. பீரங்கி நின்ற மேடு, படை முகாமிட்ட புன்செய், காயம்பட்டவர்களைச் சுமந்து சென்ற பாதை, ஸ்ரீவைகுண்டத்துக் கோயிலைச் சுற்றிய தெருக்கள், டச்சுப் படை தங்கிய ஆழ்வார்திருநகரி வட்டாரம் ஆகிய எல்லாமே போர்க்களம்தான். டிராக்டர் உழவு ஆழமாக இறங்குகிறது. வீட்டுமனை போடுகிறார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த பெருவெள்ளம் இந்தக் கரைகளை எப்படி அறுத்துப் போட்டது என்பதை நாம் கண்ணால் கண்டோம். மண் புரளும் ஒவ்வொரு முறையும் ஏதாவது மேலே வரும். வருவது பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடைக்குப் போகிறதா, பழம்பொருள் தரகர் பைக்குப் போகிறதா, பதிவேட்டுக்குப் போகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

செய்ய வேண்டியவற்றைச் செய்ய நம்மால் முடியும். ஆற்றின் இரு கரைகளிலும் போர் நடந்த இடங்களை அரசு நிலவரைபடத்தில் குறிக்க வேண்டும். மொன்டானாவில் செய்ததுபோல், தொல்லியல் துறையின் மேற்பார்வையில், உழவு முடிந்த கோடையில், ஊர் இளைஞர்களையும் கல்லூரி மாணவர்களையும் வைத்து மேற்பரப்பு ஆய்வு நடத்தலாம். அனுமதியில்லாமல் உலோகமறி கருவியோடு திரிவதை ஊரே தடுக்க வேண்டும். வீடுகளில் இருக்கும் ஆயுதங்களைப் பறிமுதல் செய்யும் அச்சம் தராமல், படம் பிடித்து, அளந்து, குடும்பக் கதையோடு பதிவு செய்யும் முகாம்களை நடத்த வேண்டும். ஆயுதம் என்ற சொல்லைக் கேட்டதுமே அஞ்சி ஒளிக்கும் பழக்கத்தை 1801ஆம் ஆண்டுப் பிரகடனம் நம்மிடம் விட்டுப்போயிருக்கிறது. அதைப் போக்க வேண்டியது இன்றைய அரசின் கடமை.

இதைப் படிக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் தாமிரபரணிக் கரையில் வயல் வைத்திருப்பவராகவோ, கடைக்கால் தோண்டுபவராகவோ, ஆற்றில் குளிக்கப் போகும் பையனின் தகப்பனாராகவோ இருக்கலாம். துருப்பிடித்த இரும்போ, கனமான ஈய உருண்டையோ, முத்திரை போட்ட தகடோ கண்ணில் பட்டால் உடனே எடுக்காதீர்கள். தேய்த்துக் கழுவாதீர்கள். கைப்பேசியில் அது கிடக்கும் நிலையிலேயே படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்து எடுத்தால் அளவு தெரியும். இடம், சர்வே எண், ஆழம், தேதி ஆகியவற்றை ஒரு தாளில் குறியுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ அருங்காட்சியகத்திலோ சொல்லுங்கள். பாஞ்சாலங்குறிச்சி மண்ணில் மடிந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் கிடையாது. அவர்கள் நின்று போரிட்ட இடத்தையாவது நாம் காப்பாற்றிக் கொடுப்போம்.